நெட்வொர்க் கேமரா: வாங்கும் முன் தெரிந்து கொள்ளுங்கள்

கடலூர் செம்மண்டலத்தில் என் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். நான் சென்னையில் சாஃப்ட்வேர் பொறியாளர். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே நிலைதான். ஊருக்குப் போகும்போதெல்லாம், "தம்பி, வீட்டுக்கு கேமரா வைக்கலாமா?" என்று யாராவது கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்து கொண்டு வைப்பது நல்லது.

ஐ.பி. கேமரா என்றால் என்ன?

பழைய வகை சி.சி.டி.வி. கேமரா, படத்தை மின் சிக்னலாக மாற்றி கேபிள் வழியே டி.வி.ஆர். பெட்டிக்கு அனுப்பும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. நெட்வொர்க் கேமராவிலோ லென்ஸுடன் பிராசசர், மெமரி, சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரைப் போலவே அதற்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. சுருக்கமாகச் சொன்னால், இது கண் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். 1996-ல் ஸ்வீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட நெட்ஐ 200 தான் இவ்வகையில் முதல் கேமரா.

படம் எப்படி வருகிறது?

1920 × 1080 பிக்சல் கொண்ட ஒரு படத்திற்கு சுமார் 6 மெகாபைட் தேவை. நொடிக்கு 25 படங்கள் என்றால் 150 மெகாபைட்டைத் தாண்டும். இதை எந்த வீட்டு பிராட்பேண்டும் தாங்காது. எனவே கேமராவே எச்.264 அல்லது எச்.265 முறையில் படத்தைச் சுருக்குகிறது. சுவர் அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் நகர்கிறார் என்றால், நகர்ந்த பகுதியை மட்டும் அனுப்பும். இதனால் நொடிக்கு 2 மெகாபிட் அளவே போதுமானதாகிறது. அப்படியும் ஒரு நாள் பதிவு 21 ஜி.பி.யைத் தாண்டும். 128 ஜி.பி. மெமரி கார்டில் ஐந்து நாள் பதிவு கிடைக்கும். பிறகு பழையது அழிந்து புதியது பதிவாகும்.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளை உங்கள் ரவுட்டர் பொதுவாக அனுமதிக்காது. அதனால் கேமராவே தயாரிப்பு நிறுவனத்தின் சர்வருடன் தொடர்பு கொண்டு காத்திருக்கும். மொபைல் ஆப் அந்த சர்வர் மூலம் கேமராவை அடைகிறது.

நன்மைகள்

எங்கிருந்தும் வீட்டைப் பார்க்கலாம். அசைவு தெரிந்தால் மொபைலுக்குத் தகவல் வரும். பல கேமராக்களில் பேசவும் முடியும். பி.ஓ.இ. வசதி இருந்தால் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை செல்லும்.

ஆபத்து எங்கே?

கம்ப்யூட்டர் என்றால் அதற்குள் பிறர் நுழையவும் முடியும். 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் தேடிப் பிடித்தது. அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலால் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கின. நம் நாட்டிலும், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அம்மாவைக் கவனிக்க வைத்த கேமராவில் அந்நியர் அம்மாவைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

செய்ய வேண்டியவை

1. பெட்டியைப் பிரித்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஊர் பெயர், மொபைல் எண் வேண்டாம்.

2. அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

3. வாசல், மாடிப்படி, கொல்லைப்புறம் போதும். படுக்கை அறையில் வேண்டாம்.

4. 2025 ஏப்ரலில் சி.சி.டி.வி. கேமராக்களுக்கான அரசின் பாதுகாப்புச் சோதனை விதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

5. ரவுட்டர், கேமரா இரண்டையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபின் கடலூர் மாவட்டம் நாள்கணக்கில் இருளில் கிடந்தது. அத்தகைய நாட்களில் எந்த யு.பி.எஸ்.ஸும் தாங்காது, பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும்.