படகு இயந்திரத்தின் கீழ்ப்பாகம்: வேகமும் கட்டுப்பாடும்

2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளில் தொழில் செய்வோரின் வரவு செலவுக் கணக்குகள் தலைகீழாகின. எரிக்கும் எண்ணெயில் கூடிய தூரமும் கூடிய வேகமும் பெறவேண்டும் என்று கடற்றொழிலாளர் விரும்புவது இயல்பே. அந்த விருப்பம் இயந்திரத்தின் கீழ்ப்பாகத்தில் கைவைக்கத் தூண்டுமாயின், அங்கு செய்யப்படும் மாற்றங்களின் பலாபலன்களை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

கியர்ப் பெட்டி, அதன் முனையிலுள்ள சுழலி, சுழலிக்கு மேலே கிடையாக அமைந்த தட்டு, கீழே மீன் செட்டை போல் நீண்டிருக்கும் தகடு, குளிர்விக்கும் நீரை உள்ளிழுக்கும் துளைகள் ஆகியவை சேர்ந்ததே கீழ்ப்பாகம். இவற்றில் செய்யப்படும் எந்த மாற்றமும் ஒரு குதிரைவலுவையேனும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கின்ற வலு எவ்வாறு செலவாகின்றது என்பதையே அது மாற்றுகின்றது.

முதலாவது மாற்றம் இயந்திரத்தின் உயரம். நீரின் அடர்த்தி காற்றினதைப் போல் ஏறத்தாழ 800 மடங்காகும். படகின் வேகம் இருமடங்கானால் கீழ்ப்பாகத்தின் மீதான நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே பின்பலகையில் இயந்திரத்தைச் சற்று உயர்த்தினால் தடை குறைந்து வேகம் கூடும். ஆனால் அளவு மீறினால் சுழலி மேற்பரப்புக் காற்றை உள்ளிழுத்து நீரில் பிடிப்பிழக்கும். படகு முன்னேறாமல் இயந்திரம் மட்டும் இரையும். அலையிலும் வளைவிலும் இது முதலில் வெளிப்படும். உள்ளிழுக்கும் துளைகள் நீருக்கு மேலே வந்துவிட்டாலோ குளிர்விக்கும் நீர் நின்று, நடுக்கடலில் இயந்திரம் சூடேறிச் செயலிழக்கும். கிடைத்தட்டு படகின் அடிமட்டத்துக்கும் அதற்கு 25 மில்லிமீற்றர் கீழான மட்டத்துக்கும் இடையில் இருக்கவேண்டும் என யமஹா கைநூல்கள் கூறுவது இதனாலேயே.

இரண்டாவது, சுழலியும் பற்சில்லு விகிதமும். சுழலி ஒரு சுற்றில் முன்னேறவேண்டிய தூரத்தைப் 'பிச்' என்பர். பிச் 12 அங்குலம், கியர் விகிதம் 2.08, இயந்திரச் சுற்று நிமிடத்துக்கு 5200 எனக் கொண்டால், சுழலி 2500 தடவை சுற்றும். நழுவல் இல்லையெனில் அது மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீற்றராகும். நூற்றுக்கு 15 நழுவினால் 39 கிலோமீற்றராகக் குறையும். பிச் கூடிய சுழலியைப் பூட்டினால் இத்தொகை உயரும் எனக் கருதுவது கடதாசிக் கணக்கே. வலையும் பனிக்கட்டியும் ஏற்றிய படகில் இயந்திரம் உரிய சுற்றை எட்டமுடியாமல் திணறும், எண்ணெய் வீணாகும், உட்பாகங்கள் விரைவில் தேயும். பிச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை கூடும். மிதமிஞ்சிக் குறைத்தால் இயந்திரம் எல்லை கடந்து சுற்றும். பாரமான படகுகளுக்கெனத் தயாரிக்கப்படும் இயந்திரங்களில், வேகத்தை விட்டு இழுவையைப் பெறும் நோக்கில், 2.92 போன்ற உயர்ந்த விகிதமும் அகன்ற சுழலியும் அமைக்கப்படுவதுண்டு.

மூன்றாவது, செட்டைகள். கிடைத்தட்டில் இறக்கை போன்ற தகட்டைப் பூட்டினால் பின்புறம் உயர்ந்து, படகு விரைவில் நீர்மேல் எழும்பி ஓடத் தொடங்கும். பாரம் ஏற்றிய படகுக்கு இது உதவக்கூடும். ஆயினும் வேகம் கூடும்போது அதே தகடு அணியத்தை அழுத்தி, படகைத் திசைமாறி இழுத்துச் செல்லலாம். கீழ்ச் செட்டையை வெட்டினால் தடை சற்றுக் குறையும். கூடவே நேராக ஓடும் திறனும் குறையும். ஆழங்குறைந்த களப்புகளிலும் முருகைக்கற்கள் நிறைந்த கரைகளிலும் சுழலியைக் காக்கும் கவசமும் அந்தச் செட்டையே. பல இயந்திரங்களில் சுழலிக்கு மேலுள்ள சிறு தகடு சுக்கான் ஒருபுறம் இழுபடுவதைச் சமப்படுத்துவதோடு, துத்தநாகத்தால் ஆனதாயின் உப்புநீர் அரிப்பைத் தான் ஏற்று ஏனைய உலோகத்தையும் காக்கின்றது. அதைக் கழற்றுவதும் அதன்மேல் வர்ணம் பூசுவதும் தவறாகும்.

கியர்ப் பெட்டியின் முன்முனையில் கூரான கூம்பைப் பொருத்துவது பந்தயப் படகோட்டிகளின் வழக்கம். மணிக்கு 110 கிலோமீற்றரைத் தாண்டும் வேகங்களில் சாதாரண முனையைச் சுற்றி நீர் குமிழியாகச் சிதைந்து, சுழலி திடீரெனப் பிடிப்பிழந்து படகு ஒருபுறம் சரியும் அபாயத்தை அது தள்ளிப்போடுகின்றது. அவ்வேகத்தில் பாதியையும் எட்டாத மீன்பிடிப் படகுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே தொழிலுக்குச் செல்லும் படகுக்கு உண்மையில் பயன்தருவன சரியான உயரம், சுமைக்கேற்ற சுழலி, நெளிவும் முறிவும் இல்லாத அலகுகள், சிப்பியும் பாசியும் நீக்கிய அடிப்பாகம் ஆகியனவே. ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, வழமையான சுமையுடன் கரைக்கருகே ஓட்டி, சுற்றையும் வேகத்தையும் குறித்து ஒப்பிடவேண்டும். திரும்பும்போதும் அலையை எதிர்கொள்ளும்போதும் சுக்கான் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதையும் கவனிக்கவேண்டும். மணிக்கு இரண்டு கிலோமீற்றர் கூடுதலாகக் கிடைத்து, காற்றெழும் வேளையில் படகு சொற்கேளாமற்போனால், அந்த வேகத்துக்கான விலையைச் செலுத்தப்போவது படகிலிருக்கும் உயிர்களே.