புகை அடித்தால் மட்டும் டெங்கி ஒழிந்துவிடுமா?

வீவக புளோக்கின் கீழே வெள்ளைப் புகை எழுந்ததும் சன்னல்களைச் சாத்திவிட்டு, ‘இனி கொசுத் தொல்லை இல்லை’ என்று நிம்மதி அடைவோர் பலர். அந்த நிம்மதியே சில நேரங்களில் ஆபத்தாகிவிடுகிறது.

புகையடிப்பின்போது பூச்சிக்கொல்லி மருந்து எண்ணெயுடன் கலக்கப்பட்டு, சூடாக்கப்பட்டு, நுண்துளிகளாக வெளியேறுகிறது. துளி மேலே படும் கொசுக்களே மடியும். புகை கலைந்ததும் அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். தண்ணீரில் இருக்கும் முட்டைகளும் புழுக்களும் தப்பிவிடும்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் வாழ்கிறது. கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கும் கொசுவை, வெளியே அடிக்கும் புகை எட்டுவது கடினம். அடிக்கடி புகை அடித்தால், மருந்தைத் தாங்கக்கூடிய கொசுக்கள் பிழைத்துப் பெருகும் அபாயமும் உண்டு.

அப்படியென்றால் புகை அடிப்பது வீணா? இல்லை. 150 மீட்டருக்குள், 14 நாள்களில், இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ டெங்கி கண்டால், அவ்விடம் டெங்கிக் குழுமமாகக் கருதப்படுகிறது. அங்கு கிருமியைச் சுமந்து திரியும் கொசுக்களை உடனடியாகக் குறைக்க மருந்து தேவைப்படலாம். ஆனால், இனப்பெருக்க இடங்கள் அப்படியே இருந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும்.

கொவிட்-19 பரவலால் மக்கள் வீட்டில் முடங்கிய 2020ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோரை டெங்கி தாக்கியது. வீட்டுக்குள் கவனம் தேவை என்பதற்கு அது ஒரு நினைவூட்டல்.

துளசித் தொட்டியின் அடித்தட்டு, பூசையறைப் பூச்சாடி, குளியலறை வாளி ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு தண்ணீரே கொசுவுக்குப் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள், காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் விளிம்பையும் உட்புறத்தையும் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டியில் இறுகிய மண்ணைக் கிளறிவிட வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாய்களில் அடைப்பை அகற்ற வேண்டும்.

குழுமப் பகுதியில் வசிப்போர் கட்டிலடி, திரைச்சீலை போன்ற இருண்ட மூலைகளில் பூச்சிமருந்து தெளிப்பதும், உடலில் கொசுவிரட்டி பூசிக்கொள்வதும் நல்லது.

புகை போடுவோர் வந்து போய்விடுவார்கள். செடித்தட்டைக் கவிழ்த்து வைப்பது வீட்டில் இருப்பவர்களின் கையில்தான் உள்ளது.