ஒரு எழுத்தைக் கூட்டினால் போதுமா? இணையதளப் பெயரும் வணிகச் சின்னமும்

கடைக்கு இணையதளம் தொடங்க நினைக்கும் நம் சகோதரர்கள் முதலில் பார்ப்பது, பிடித்த பெயர் காலியாக இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் பணம் கட்டி டொமைனை வாங்கிவிடுகிறார்கள். "பதிவாகிவிட்டது, இனி பெயர் நமக்குத்தான்" என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால், அந்தப் பெயர் வேறு ஒருவரின் வணிகச் சின்னமா, அதாவது டிரேட் மார்க்கா என்று டொமைன் விற்கும் நிறுவனம் பார்ப்பதில்லை. முதலில் கேட்பவருக்குக் கொடுத்துவிடும், அவ்வளவுதான்.

இதில் நம் நாட்டின் முக்கியமான தீர்ப்பு 2004 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரைச் சுருக்கி 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999இல் அந்தச் சொல்லில் பல டொமைன்களைப் பதிவு செய்திருந்தது. 2001இல் வேறொரு நிறுவனம் ஒரு 'எஃப்' எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து 'சிஃபிநெட்' என்று தொடங்கியது. கேட்டபோது, "எங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐந்து பேருடைய பெயர்களின் முதலெழுத்துகள்தான் எஸ், ஐ, எஃப், எஃப், ஒய்" என்றார்கள். ஐந்தும் முஸ்லிம் பெயர்கள்!

பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. இருவரின் தொழிலும் வேறு என்று கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றமோ அந்த ஐந்து பெயர்களை ஆராய்ந்தது. நிறுவனத்தின் சொந்தக் கையேட்டின்படி இயக்குநர்கள் இருவர் மட்டுமே, இன்னொருவர் ஊழியர். விளக்கம் நிற்கவில்லை, தடை திரும்ப வந்தது. டொமைன் பெயருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பிறருடைய சரக்கைப் போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் வணிகச் சின்ன விதி அதற்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியது.

நீதிமன்றத்துக்குப் போகாமலும் பெயர் பறிபோகலாம். டாட் காம் பெயர்களுக்கு ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த நடுவர் முறை இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. புகார் செய்பவர் மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் தன் சின்னத்தோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு அது எடுக்கப்பட்டது. மூன்றாவது, நம் மொழியில் சொன்னால், நிய்யத் பற்றிய கேள்விதான். ஆனால் உள்ளத்தை நடுவரால் பார்க்க முடியாது. பெயரை அதிக விலைக்கு விற்க முயன்ற கடிதமோ, போட்டிக் கடையின் வாடிக்கையாளரை இழுக்கும் விளம்பரமோதான் அங்கே சாட்சி.

அப்படியானால் வாப்பாவின் பெயரில் கடை வைத்திருப்பவர் என்ன செய்வது? சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதை 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 35ஆம் பிரிவு பாதுகாக்கிறது. நேர்மையை நிரூபிக்கப் பழைய பில் புத்தகம், உரிமம், கடைப் பலகையின் படம் ஆகியவை கைவசம் இருப்பது நல்லது. டொமைன் வாங்கும் முன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எழுத்து மாறியும் ஒலி ஒத்தும் இருக்கும் பெயர்களையும் சேர்த்தே தேடுங்கள். 'சிஃபி' வழக்கு வந்ததே அதனால்தான்.