நெய்வேலிச் சாம்பலும் இரண்டாம் பந்தியும்

பழைய வீட்டின் ஒரு பகுதியை இடித்து, அறை கூட்டி, மாடி எடுக்க முனையும் குடும்பங்கள் பணம், மேஸ்திரி, இடைக்கால வாடகை வீடு ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் ஆலோசித்துவிட்டு, மூட்டைகள் வந்து இறங்கும் நாளில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சாம்பல் கலந்த சிமென்ட்டை நம்பலாமா? நெய்வேலிப் பகுதியில் இக்கேள்வி சற்று உரிமையோடே கேட்கப்படுகிறது. நகரியத்தில் உள்ள குடியிருப்புகள் பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்குச் சொந்தமானவையாதலால் குடியிருப்பவர் அவற்றில் சுவரை இடிக்க இயலாது. பெரிய வேலைகள் எல்லாம் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடலூர், குறிஞ்சிப்பாடி போன்ற இடங்களில் வாங்கி வைத்த சொந்த வீடுகளிலேயே நடக்கின்றன. பணிக்காலம் முழுவதும் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் அடியில் கழித்த ஒருவர், அதே சாம்பல் மூட்டையில் அடைபட்டுத் தம் வாசலுக்கே வரும்போது ஐயுறுவது இயல்பே.

அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் தூளாக்கப்பட்ட பழுப்பு நிலக்கரி எரியும்போது அதில் கலந்திருந்த களிமண் முதலிய கனிமங்கள் உருகி, புகையோடு மேலேறும் நொடிகளில் விரைந்து குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளாகின்றன. புகைபோக்கிக்கு முன்னுள்ள மின்வடிப்பான், அதாவது துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்டவைக்கும் அமைப்பு, இவற்றைப் பிடித்துச் சேர்க்கிறது. இதுவே உலர் சாம்பல். படிகமாக ஒழுங்குபட நேரம் கிடைக்காத இந்தக் கண்ணாடிக்குள் சிலிக்காவும் அலுமினாவும் நிலைகொள்ளாமல் இருக்கின்றன. ஆற்றுமணலிலுள்ள படிகச் சிலிக்கா செய்யாத வேதிவினையை இது செய்வதற்குக் காரணம் அந்த அவசரக் குளிர்ச்சியே. ‘சாம்பல் என்பது எரிந்து முடிந்த குப்பை’ என்ற எண்ணம் அடுப்புச் சாம்பலைப் பொறுத்துச் சரியாக இருக்கலாம். இங்கே அது பொருந்தாது.

சிமென்ட்டும் நீரும் சேர்ந்தால் முதன்மையாக இரு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற களி போன்ற பொருள். கான்கிரீட்டின் வலிமை பெரிதும் இதனுடையது. மற்றொன்று நீற்றுச் சுண்ணாம்பு. இது வலிமைக்கு அதிகம் உதவாமல் நுண்துளைகளின் ஓரத்தில் படிகமாகக் கிடந்து, நீர் கசியும் இடங்களில் கரைந்து வெளியேறி, சுவரில் வெண்கறையாகப் படியக்கூடியது. சாம்பலுக்கு இந்தச் சுண்ணாம்புதான் இரை. துளைகளில் நிற்கும் காரநீர் கண்ணாடி உருண்டைகளின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக அரிக்க, வெளிப்படும் சிலிக்கா சுண்ணாம்புடன் கூடி மேலும் களியை உருவாக்குகிறது. அக்களி எஞ்சியிருந்த துளைகளையே அடைக்கிறது. இதைப் பொசொலான் வினை என்பர்.

கல்யாண வீட்டு இரண்டாம் பந்திக்கு இதை ஒப்பிடலாம். முதல் பந்தியில் சிமென்ட் வீட்டார் அவசரமாக உண்டு எழுகின்றனர். பரிமாறியதில் ஒரு பகுதி சுண்ணாம்பாக மீந்து நிற்கிறது. மாலைப் பேருந்தில் வந்து சேரும் சாம்பல் உறவினர்கள் அந்த மீதியை உண்டே பந்தியை நிறைவு செய்கின்றனர். அவர்கள் வருமுன் மண்டபத்தின் விளக்கை அணைத்துக் குழாயையும் மூடிவிட்டால் உணவும் வீண், உறவும் வீண். நெய்வேலிச் சாம்பலோ கையில் கட்டுச்சோற்றுடன் வரும் உறவினர்: மேட்டூர், தூத்துக்குடி நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா வகையைச் சேர்ந்தது, பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருப்பதால் நீர் பட்டாலே அது ஓரளவு தானாக இறுகும். அந்தக் கட்டுச்சோற்றில் நீற்றப்படாத சுண்ணாம்பு மிகுந்துவிட்டால் வயிற்றுக்கு ஆகாது. இறுகிய கல்லுக்குள் அது பின்னர் நீர் குடித்து உப்பி விரிசல் உண்டாக்கும். இந்திய தர நிர்ணயம் 3812 கால்சியச் சாம்பலைத் தனி வகையாக வைத்து, விரிவுச் சோதனையையும் கேட்பது இதனாலேயே.

வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கித்தான் ஆகவேண்டும். இத்தாலியின் பொசுவோலி ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து உரோமானியர் கட்டினர். வினையின் பெயர் அவ்வூரிலிருந்து வந்தது. நம் ஊரில் செங்கல்லை இடித்த சுர்க்கிப் பொடி அந்த வேலையைச் செய்தது. 1895-இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையே உள்ளது. நெய்வேலி நிறுவனம் 1956-இல் தொடங்கி, முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தபோது சாம்பல் ஒரு சரக்காகக் கருதப்படவில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பரில் வெளியிட்ட அறிவிக்கைக்குப் பின்னரே சாம்பல் பயன்பாடு நாடெங்கும் கட்டாயமாகத் தொடங்கியது. ‘பண்டையோர் அறிந்த இரகசியம்’ என்று விளம்பரம் எழுதுவோருக்கு இவ்வளவு போதும்.

வீட்டாருக்கு உண்மையில் பொருட்படும் செய்தி, இரண்டாம் பந்தி தாமதமாகவே தொடங்குகிறது என்பதுதான். சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்த சிமென்ட்டுக்கு இந்திய தர நிர்ணயம் 1489 கேட்கும் குறைந்தபட்ச வலிமை 3, 7, 28 நாள்களில் முறையே 16, 22, 33 மெகாபாஸ்கல்; சாம்பல் கலவாத 53 தரத்துக்கு அதே நாள்களில் 27, 37, 53. சாம்பல் சிமென்ட் மட்டமானது என்று இதைப் படிப்பது அவசர முடிவு. பல மூட்டைகள் இந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டியே நிற்கின்றன. சாம்பலின் வினை 28 நாளைக் கடந்தும் மாதக்கணக்கில் தொடர்கிறது. அதனால் துளைகள் அடைபட்டு, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் நீரும் உப்பும் நுழைவது கடினமாகிறது. ஆனால் இவை அனைத்தும் நீர் இருந்தால் மட்டுமே. துளைகளுக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சிமென்ட்டின் வினையே ஏறத்தாழ நின்றுவிடும். மெதுவாக நடக்கும் சாம்பல் வினைக்கு இழப்பு இன்னும் பெரிது. வேடிக்கை என்னவெனில், வெப்பம் மிகுந்தால் பொசொலான் வினை வேகம் பெறும் என்பதால் கடலூர் மாவட்டத்து மே மாத வெயில் இவ்வினைக்கு உதவ வேண்டியது. அதே வெயில் நீரை உறிஞ்சிவிடுவதால் உதவியைத் தானே பறித்துக்கொள்கிறது.

ஆகவே புதுப்பிப்புக்கு ஆயத்தமாகும் குடும்பம் முதலில் கணக்கிட வேண்டியவை நீரும் நாள்களும். இந்திய தர நிர்ணயம் 456, கலப்பு சிமென்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள்களும், வறண்ட வெப்பக் காலத்தில் 14 நாள்களும் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. 400 சதுர அடித் தளத்தில் பாத்தி கட்டி 5 சென்டிமீட்டர் உயரம் நீர் நிறுத்த ஏறத்தாழ 1,850 லிட்டர் வேண்டும். நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலும் 185 லிட்டர் நிரப்ப வேண்டும். வீட்டின் குடிநீர்த் தொட்டியை நம்பி இதில் இறங்கலாகாது. சுவர்களுக்கும் தூண்களுக்கும் பாத்தி இயலாததால் ஈரச்சாக்கு சுற்றுவதே வழி. காலையும் மாலையும் ஒரு குடம் வீசிவிட்டுப் போவது சாக்கை நனைக்காது, மனசாட்சியைத்தான் நனைக்கும். சாதாரண சிமென்ட்டுக்கே 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகள் 7 நாள்கள் நிற்க வேண்டும் என்கிற அதே தர நிர்ணயம், மற்ற சிமென்ட்டுகளுக்கு இக்காலத்தைத் தக்கபடி மாற்றச் சொல்கிறது. சென்ட்ரிங் வாடகையை மிச்சம் பிடிக்க எண்ணும் மேஸ்திரியுடன் இதைக் குறித்து முன்கூட்டியே பேசிவிடுவது வீட்டாரின் கடமை.

புதுப்பிப்பில் புதுக்கட்டுமானத்துக்கு இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. வறண்ட பழைய சுவரின்மேல் புதுக் கலவை விழுந்ததும் பழையது அதன் நீரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே பழைய பரப்பைச் சுரண்டி, முன்பே ஊறவிட்டு, நீர் தேங்காமல் ஈரமாக இருக்கும் நிலையில் இணைக்க வேண்டும். இடிக்கும்போது எழும் தூசிக்கும் நீர் தெளிப்பதே மருந்து. பழைய தாழ்வாரத்தில் கல்நார் ஓடு இருந்தால் அதை உடைக்காமல் நனைத்து முழுதாக இறக்க வேண்டும். ‘நீரே ஊற்ற வேண்டாம்’ எனக் கூறும் தெளிப்புப் பூச்சுகள் உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் காக்கக்கூடியவை. பழைய சுவர் உறிஞ்சிய நீரை அவை திருப்பித் தருவதில்லை.

சாம்பல் கலந்த சிமென்ட்டை நம்பலாம். ஆனால் ஏழாம் நாள் பால் காய்ச்சிக் குடியேறத் தேதி குறித்துவிட்ட வீட்டில் அது தன் வேலையை முடிக்காது. மூட்டை வாங்குவோர் அதன் மேல் அச்சிட்டுள்ள வகையையும் தயாரித்த வாரத்தையும் படித்துவிட்டு, அதன் பிறகு நாள்காட்டியைத் திறக்க வேண்டும்.