வானளாவிகள்

பல கருவிகள் ஒருங்கு கூடி ஒலிக்கும் இசையைப் பல்லியம் என்பர் நம் முன்னோர். அத்தகைய பல்லியத்தால் நகர வாழ்க்கையை நாட்டியமாக்கியவருள் ஜான் ஆல்டன் கார்ப்பென்டர் என்னும் அமெரிக்கர் ஒருவர். சிக்காகோ நகரத்து வணிகரான இவர், குடும்ப வாணிகத்தைக் கவனித்துக்கொண்டே இசையும் இயற்றி வந்தார்.

ரஷ்ய நாட்டியக் குழுவின் தலைவர் டியாகிலெவ் விரும்பிக் கேட்க, இவர் ‘வானளாவிகள்’ என்னும் நாட்டிய இசையை எழுதினார். எனினும், அக்குழு அதனை ஆடவில்லை. 1926ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அரங்கிலேயே அது அரங்கேறிற்று.

இதில் அரசனும் இல்லை, அன்னமாய் மாறிய அரசிளங்குமரியும் இல்லை. விண்ணை முட்டும் மாளிகையை எழுப்பும் தொழிலாளரே ஆடுகின்றனர். அவர்தம் உழைப்பைக் காட்டும் இசை சம்மட்டி அடிபோல் வன்மையாக விழும். அடிக்கடி அளவு மாறும். வேலை விட்டதும் சாக்சபோனும் பாஞ்சோவும் ஜாஸ் இசையின் துள்ளலை எழுப்ப, கேளிக்கைப் பூங்கா ஒன்று கண்முன் விரிகின்றது. தெருக் கூட்டுவோன் ஒருவன் உறங்கிக் கனவு காண்பதும் உண்டு.

தெருவின் இரைச்சல் இசையாகுமோ என ஐயுறுவார் உளர். கார்ப்பென்டர் இரைச்சலைப் படியெடுத்தாரல்லர். அதனுள் ஓடும் நடையையே தாளமாக்கினார். போக்குவரத்துச் செவ்விளக்குகளையும் அவர் விட்டாரில்லை. அவை எப்பொழுது ஒளிர வேண்டும் என்பதும் இசைக்குறிப்பிலேயே எழுதப்பட்டுள்ளது!

கேளிக்கை நெடுநேரம் நீடிப்பதில்லை. மீண்டும் சம்மட்டித் தாளம் எழுகின்றது. தொழிலாளர் வேலைக்குத் திரும்புகின்றனர்.