வாசலுக்கு வரும் உடுப்புப் பை

டிசம்பர் மாதம் பிறந்தால் கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை போன்ற அயற் பகுதிகளிலும் வீடு வீடாக உடுப்புச் சேகரிப்போர் வருவது வழக்கம். பாடசாலைப் பிள்ளைகள், ஆலய இளைஞர் சங்கத்தினர், தொண்டு நிறுவன ஊழியர்கள் எனப் பலரும் இவர்களுள் அடங்குவர். “வேண்டாத உடுப்பு இருந்தால் தாருங்கள்” என்று கேட்பார்கள். நாமும் அலுமாரியைத் திறந்து, கண்ணில் படும் பழையதை எல்லாம் ஒரு பையில் திணித்துக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்தப் பையைத் திறப்பவளின் மனதில் என்ன ஓடும் என்பதை இப்பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1983, 1995, 2009 என ஏதோ ஒரு வருடத்தில், உடுத்த துணியோடு வெளியேறி, அந்தப் பைக்காக வரிசையில் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

எமது குழுச் சந்திப்புகளில் முகாம் வாழ்வைப் பற்றிப் பேச்சு எழும்போது பசியை விட உடுப்பைப் பற்றித்தான் பெண்கள் அதிகம் கதைப்பார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். அங்கே சேலை கிடைத்தது, ஆனால் சட்டையும் உள்பாவாடையும் கிடைக்கவில்லை என்று ஒரு சகோதரி நினைவுகூர்ந்தார். உள்ளாடை கேட்க வாய் வரவில்லை என்றார் இன்னொருவர். பங்கிடுபவர் ஆணாக இருந்தால் எப்படிக் கேட்பது? மாதவிடாய்க்குத் துணி இல்லாமல் தன் ஒரே பாவாடையின் ஓரத்தைக் கிழித்தவரும் உண்டு.

“வேண்டாத” என்ற சொல்லிலேயே பிழை இருக்கிறது என்பது என் எண்ணம். எனக்கு வேண்டாதது மற்றவளுக்கு வேண்டியதாக இருக்கும் என்று நாம் எப்படி முடிவு செய்கிறோம்? மலையகத்திலிருந்து நகரத்து வீடுகளுக்கு வேலைக்குச் சென்ற எத்தனையோ பிள்ளைகளுக்குச் சம்பளத்தைக் குறைத்து, அந்தக் குறைக்குப் பதிலாக வீட்டு அம்மாவின் பழைய சட்டையைக் கொடுத்த கதையும் எமக்குத் தெரிந்ததே. அதைத் தானம் என்று சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இது உலகறியத் தெரிய வந்தது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தில் லொறி லொறியாக வந்த பழைய உடுப்புகள் தெருவோரங்களில் குவிந்து கிடந்தன. கடலை நம்பி உழைத்துக் கௌரவமாக வாழ்ந்த மீனவக் குடும்பங்கள், பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த விரும்பவில்லை. எமது நாட்டுக்கும் குளிர் தேசத்துக் கம்பளி உடைகளும் குதியுயர்ந்த சப்பாத்துகளும் வந்து சேர்ந்தன. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெறப்போகிறவளிடம் அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் தேங்கிய அந்த உடுப்புகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் ஈடுபட்ட அமைப்புகளுள் ‘கூஞ்ச்’ ஒன்றாகும். அன்ஷு குப்தா என்பவர் 1999இல் தன் வீட்டிலிருந்த 67 உடுப்புகளோடு டெல்லியில் இதனை ஆரம்பித்தார். 2015இல் அவருக்கு ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. இவர்கள் வந்த உடுப்பை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. பெண்கள் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள், தைக்கிறார்கள், அறுந்த நாடாவைக் கோர்க்கிறார்கள். உடுக்க முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாக மாற்றுகிறார்கள். கிராம மக்கள் தம் ஊருக்காகக் கிணறோ பாதையோ அமைத்தால், அந்த உழைப்புக்கு ஈடாக உடுப்பு வழங்கப்படுகிறது. இலவசம் என்று கையேந்த வேண்டியதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் நப்கின் வாங்க முடியாமல் மீண்டும் துணியைப் பாவிக்கத் தொடங்கிய சகோதரிகளைக் கண்டபோது எனக்கு இந்த அமைப்பின் வேலைதான் நினைவுக்கு வந்தது.

பெரிய நிறுவனமாக இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. சேலையோடு சட்டையையும் உள்பாவாடையையும் சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டுங்கள். பொத்தான் இல்லையென்றால் தைத்துவிட்டுக் கொடுங்கள். கண்டியின் மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பொலித்தீன் பையில் கட்டினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும், ஒன்று கெட்டால் பை முழுவதும் நாறும். பிள்ளைகளின் உடுப்பில் வயதை ஒரு துண்டில் எழுதிக் குத்திவிடலாம். கிழிந்ததையும் கறை பிடித்ததையும் வீட்டிலேயே துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நாம் துணிந்து எறியாததை வேறு யாரோ எறிய வேண்டியிருக்கும், கடைசியில் அதுவும் மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொட குப்பை மேட்டுக்குத்தான் போகும். உள்ளாடையைப் பொறுத்தவரை புதிது மாத்திரமே கொடுக்க வேண்டும். பத்துப் பழைய சட்டைகளைவிட இரண்டு புதிய உள்ளாடைகள் ஒரு பெண்ணுக்குப் பெரிய உதவி.

வாசலில் நிற்பவர் யார் என்று கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாயின் பதிவிலக்கம் இருக்கும். ஆலயக் குழுவாயின் பொறுப்பாளரின் பெயரையாவது கேளுங்கள், சந்தேகமாயின் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். எந்த ஊருக்குப் போகிறது, விற்கப்படுமா என்றும் கேட்கலாம். இலண்டனில் உள்ள எம் உறவினர் வாசலில் வைக்கும் பைகளில் ஒரு பகுதி அங்குள்ள தரும நிலையக் கடைகளில் விற்பனையாகிறது. மிஞ்சுவது நிறைக்கு விற்கப்பட்டு, கானாவின் கண்டமாண்டோ சந்தை போன்ற தூரத்து இடங்கள் வரை போய்ச் சேர்கிறது. விற்பது தவறல்ல, சொல்லாமல் விற்பதுதான் தவறு. தனியாக வாழும் சகோதரிகள் பையைப் படலையில் வைத்தே கொடுக்கலாம். உடுப்புக் கேட்டு வருபவர் வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மண்சரிவுகளால் கண்டி மாவட்டம் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அப்போது ஒரு சேகரிப்பு நிலையத்தில் உடுப்புப் பிரிக்கும் வேலையை, முன்பு முகாமிலிருந்த சில பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். அவர்கள் உடுப்பை நிலத்தில் குவிக்கவில்லை. மேசையில் அளவு வாரியாக அடுக்கினார்கள். பெண்களின் உடுப்புக்குத் திரை கட்டித் தனி மூலை ஒதுக்கினார்கள். வந்தவர்கள் தாங்களே பார்த்து, பிடித்த நிறத்தை எடுத்தார்கள். நேரம் கூடச் சென்றது என்று இளைஞர் சிலர் முணுமுணுத்ததும் உண்மைதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சேகரிப்போர் வரும் நாட்களில் சில வீடுகளில் ஒரு வாக்குவாதம் நடக்கும். காணாமல் போன கணவரின் அல்லது மகனின் உடுப்பை இன்னும் ஏன் வைத்திருக்கிறாய், கொடுத்துவிடு, மனம் ஆறும் என்று உறவினர் வற்புறுத்துவார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாதவளுக்கு அந்தச் சட்டையைக் கொடுப்பது அவர் இல்லை என்று கையெழுத்து வைப்பதைப் போன்றது. பிள்ளைகளோ அயலவரோ அவளறியாமல் அதைப் பையில் போடுவது பெரும் கொடுமை. கொடுப்பதா, எப்போது, எதை என்பது அவளுடைய தீர்மானம். எமக்குத் தெரிந்த ஒரு தாயார் 16 வருடமாக மகனின் உடுப்புகளை ஆண்டுக்கொருமுறை வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருந்தார். புயலுக்குப் பிறகு, மண்சரிவில் வீடிழந்த ஒரு குடும்பத்துப் பையனுக்கு அந்தக் காற்சட்டைகளையும் சாரங்களையும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நீலச் சட்டை ஒன்றை மாத்திரம் கொடுக்கவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவுமில்லை.