இடைவெளியில் கசியும் பேஸ்

பேஸ் எனப்படும் கீழ்ச்சுருதி ஒலிகள் நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 250 முறை வரை காற்றை அதிரச் செய்பவை. நொடிக்கு ஓர் அதிர்வை ஒரு ஹெர்ட்ஸ் என்று கணக்கிடும் வழக்கப்படி, இப்பகுதியை 20 ஹெர்ட்ஸ் முதல் 250 ஹெர்ட்ஸ் வரை என்று ஒலிப்பொறியாளர்கள் குறிப்பிடுகின்றனர். நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்தாவது தந்தி சேர்ந்தால் அது 31 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980ஆம் ஆண்டு வெளியிட்டு, பின்னாளில் ஹிப் ஹாப் இசையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்ட டிஆர்-808 என்னும் தாள இயந்திரத்தின் கிக் எனப்படும் பெருமுரசு ஓசையோ 50 ஹெர்ட்ஸை ஒட்டி நீண்டு முழங்குகிறது. தமிழ்த் திரையிசையிலும் இப்பகுதிக்குத் தனி மரியாதை உண்டு. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்கள் பலவற்றில் பேஸ் கிட்டார் வெறும் பக்கத்துணையாக நின்றுவிடாமல், பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாகவே நடந்து செல்வதை அவற்றைக் கூர்ந்து கேட்பவர்கள் அறிவர். அந்த இரண்டாவது மெட்டு முழுமையாகக் காதில் விழ வேண்டும் என்று விரும்புகிற, ஆனால் பையில் அடங்கும் ஒரு சிறு ஹெட்போனுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாத ஒருவர், கடையில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்பதை இங்கே ஆராயலாம்.

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியிலேயே பேஸ் கேட்கத்தானே செய்கிறது என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். இசைக்கருவி எழுப்பும் ஒவ்வொரு ஸ்வரமும் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளையும் உடன் எழுப்புகிறது. இவை மேற்சுரங்கள் எனப்படும். 41 ஹெர்ட்ஸ் தந்தியை மீட்டும்போது 82, 123, 164 என்ற அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. கைப்பேசியின் நகக்கண் அளவு ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப இயலாது எனினும், மேற்சுரங்களில் உயரமானவற்றை அது எழுப்பிவிடுகிறது. அவற்றுக்கிடையிலுள்ள சீரான இடைவெளியைக் கொண்டு, வராத அடிப்படைச் சுருதியை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே மெட்டு தெரிகிறது. அதன் கனம் மட்டும் வருவதில்லை. நல்ல ஹெட்போனுக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கனத்துக்காகக் கொடுக்கும் பணமே.

அக்கனத்தை எழுப்புவதற்குப் பெரிய கருவி வேண்டும் என்பது அறைக்குள் வைக்கும் ஒலிபெருக்கிகளைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் எட்டரை மீட்டர் நீளம் கொண்டது. திறந்த வெளியில் அதே உரப்பை நிலைநிறுத்திக்கொண்டு அதிர்வெண்ணைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் நகர வேண்டியிருக்கும். திருவிழாப் பந்தல்களில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்குவது இதனால்தான். காதோடு ஒட்டி நிற்கும் கருவிக்கு இவ்விதி பொருந்துவதில்லை என்பதே இத்துறையின் மிகப் பெரிய வியப்பு. காதுத்துளைக்கும் செவிப்பறைக்கும் இடைப்பட்ட காற்று ஓரிரு கன சென்டிமீட்டர் அளவே இருக்கும். அந்தச் சிற்றறையின் வாய் காற்றுப் புகாதபடி மூடப்பட்டுவிட்டால், ஹெட்போனின் சிறு சவ்வு உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும் அக்காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்துகிறது, எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் அழுந்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் வாஷர் நன்றாக இருக்கும்போது கைப்பிடியை நிதானமாக அழுத்தினாலும் டயர் இறுகுவதையும், வாஷர் தேய்ந்துவிட்டால் நிதானமாக அழுத்தும்போது காற்று முழுவதும் பக்கவாட்டில் கசிந்து, வேகமாக அடித்தால் மட்டும் சிறிதளவு ஏறுவதையும் இதற்கு ஒப்பிடலாம். மெதுவான தள்ளல் பேஸ். வேகமான தள்ளல் மேல்ஸ்தாயி. கசிவு இருக்கும் இடத்தில் முதலில் மறைவது எப்போதும் பேஸ்தான்.

இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் வாசகங்களில் பெரும்பாலானவை பொருளற்றுப் போகின்றன. ட்ரைவர் எனப்படுவது மின்னலையை ஒலியாக மாற்றும், சவ்வும் கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்த உறுப்பு. 40 மில்லிமீட்டர் ட்ரைவர் காதோடு சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி விட்டு நின்றால், காதுக்குள் இறுகப் பொருந்திய 10 மில்லிமீட்டர் ட்ரைவர் தரும் பேஸில் பாதியைக்கூட அது தராது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்ற அறிவிப்பும் அத்தகையதே. ஒலியளவின் அலகான டெசிபல் கணக்கில் எவ்வளவு ஏற்ற இறக்கத்துக்குள் அந்த எல்லை அளக்கப்பட்டது என்று கூடவே சொல்லப்படாதவரை, அவ்வெண்களால் வாங்குபவருக்கு எப்பயனும் இல்லை.

ட்ரைவரின் வடிவமைப்புக்கு இதில் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளன்று. கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவே அப்புவதைப் பலரும் பார்த்திருப்பர். அந்தப் பசையின் எடை தோலின் இயல்பான அதிர்வைத் தாழ்த்துவதால்தான் கும்மென்ற நாதம் பிறக்கிறது, பசை உலர்ந்து உதிர்ந்தால் நாதமும் மேலேறிவிடுகிறது. ஹெட்போன் சவ்வுக்கும் இதே கணக்குத்தான். அசையும் பகுதியின் எடையும், அதைத் தாங்கி நிற்கும் ஓரப்பகுதியின் தளர்ச்சியும் சேர்ந்து, அது எந்த அதிர்வெண்ணில் மிக எளிதாக அசையும் என்பதை முடிவு செய்கின்றன. அந்த இடத்தை ஒத்ததிர்வு என்பர். திறமையான வடிவமைப்பாளர் இந்த ஒத்ததிர்வைத் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள முடியும் என்பதற்கு நாற்பது ஆண்டுகளாகச் சந்தையில் நிற்கும் சான்று ஒன்று உண்டு.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் கோஸ் 1958ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய எஸ்பி/3, வீட்டில் இசை கேட்பதற்கென்று உருவான முதல் ஸ்டீரியோ ஹெட்போன். அதுவரை ஹெட்போன் என்பது பெரும்பாலும் தந்தி, வானொலி, போர்க்கப்பல் ஊழியர்களின் பணிக்கருவியாகவே இருந்தது. 1979 ஜூலையில் சோனி வாக்மேன் ஜப்பானில் வெளிவந்தபோது அதனோடு வந்த இலேசான, நுரைப்பஞ்சு வைத்த ஹெட்போன், காதை முழுவதும் மூடும் கனத்த கருவிகளின் காலத்தை மாற்றியது. அம்மாற்றத்துக்கு கோஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டு அளித்த விடையே போர்ட்டா புரோ. வளைந்த மெல்லிய உலோகப் பட்டை. அதன் இரு முனைகளிலும் வட்டமான நுரைப்பஞ்சுத் திண்டுகள். அவற்றுக்குச் சற்று மேலே நெற்றிப்பொட்டில் அமர்ந்து, காதின் மேல் விழும் அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு சிறு திண்டுகள். அவ்வழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கி, பட்டையின் முனையிலுள்ள கொக்கியால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அந்த வடிவம் இன்றுவரை ஏறக்குறைய மாறாமல் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 50 டாலரை ஒட்டியது. தலைப்பட்டை இல்லாமல் காதுமடலில் மாட்டிக்கொள்ளும் அதன் உறவான கேஎஸ்சி75 அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கிறது. இந்தியாவில் இறக்குமதிச் செலவு சேர்வதாலும், போர்ட்டா புரோவின் போலிகள் உலவுவதாலும், நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவதே நல்லது.

வியப்பு என்னவெனில், போர்ட்டா புரோ காற்றை அடைக்கும் கருவியே அன்று. அதன் முதுகு திறந்தது, திண்டு காற்றுப் புகும் நுரைப்பஞ்சு. அப்படியிருந்தும் அது பேஸ் பிரியர்களின் கருவியாகப் பெயர் பெற்றதற்குக் காரணம், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி சற்றே உயர்ந்து ஒலிக்கும்படி அதன் ட்ரைவர் அமைக்கப்பட்டிருப்பதுதான். கிக் ட்ரம்மின் தடிமனும் பேஸ் கிட்டாரின் நடையும் பெரும்பாலும் வாழ்வது அந்தப் பகுதியில் என்பதால், கேட்பவருக்கு நிறைவு உண்டாகிறது. அதற்கும் கீழே, 50 ஹெர்ட்ஸைத் தாண்டி இறங்கும்போது ஒலி படிப்படியாக மெலிந்துவிடுகிறது. ஆகவே எண்பதுகளின் திரைப்பாடல், ரெகே, ஃபங்க் போன்றவற்றை அமைதியான அறையில் கேட்பவருக்கு இதைவிட மகிழ்ச்சியான சிறு கருவி இந்த விலையில் அரிது; டிஆர்-808இன் நீண்ட வால் வயிற்றில் அதிர வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது போதாது. பேருந்தில் செல்பவருக்கு முற்றிலும் பொருந்தாது, ஏனெனில் வெளியோசை தடையின்றி உள்ளே வரும், உள்ளோசை பக்கத்து இருக்கைக்கும் கேட்கும்.

அப்படியானால் முதுகு மூடிய, காதின் மேல் அமரும் சிறு ஹெட்போனை வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஏறக்குறைய ஒரே அளவில் மடங்கும் இரண்டு கருவிகளை ஒரு காலத்தில் விற்றது. திறந்த முதுகு கொண்ட பிஎக்ஸ் 100 நிறைவான பேஸுக்குப் பெயர் பெற, மூடிய முதுகு கொண்ட பிஎக்ஸ் 200இல் பேஸே இல்லை என்று வாங்கியவர்கள் பலர் குறைப்பட்டனர். மூடிய கருவி முழுக்க முழுக்க அடைப்பை நம்பியே வடிவமைக்கப்படுவது. காதுமடலின் மேடுபள்ளங்களின் மீது அமரும் சிறு திண்டோ அந்த அடைப்பை எளிதில் தருவதில்லை. மூக்குக்கண்ணாடியின் காம்பு, தோடு, ஒரு கற்றை முடி என்று ஏதேனும் ஒன்று இடையில் வந்தாலும் போதும். கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: பேஸ் மிகுந்த பாடலை ஓடவிட்டு, இரு பக்கத்தையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது பேஸ் பொங்கி, கையை எடுத்தவுடன் வடிந்தால், அக்கருவி எவ்வளவு புகழ்பெற்றதாயினும் அந்தக் காதுக்கு உரியதன்று.

பயணத்தில் கேட்பவருக்கு, குறைந்த செலவில் உறுதியாகப் பேஸ் தரும் வழி காதுத்துளைக்குள் பொருந்தும் இயர்போனே. கடந்த சில ஆண்டுகளில் சீனாவிலிருந்து வரும் கம்பி இயர்போன்கள் இவ்விலைப் பிரிவையே புரட்டிப்போட்டிருக்கின்றன. செவன்ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் ஜீரோ 2 போன்றவை 25 டாலரை ஒட்டிய விலையில் ஆழமான, குழம்பாத பேஸைத் தருகின்றன. எதை வாங்கினாலும் பெட்டியோடு வரும் சிலிக்கான் முனைகளில் நேரம் செலவிடுவது அவசியம். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும் நடுத்தர அளவையே கடைசிவரை பயன்படுத்துகின்றனர். பலருக்கு வலக்காதும் இடக்காதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், ஒரு பக்கத்துக்குப் பெரியதும் மறுபக்கத்துக்கு நடுத்தரமும் தேவைப்படலாம். எதிர்க்கையால் தலைக்குப் பின்புறமாகக் காதுமடலின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும். அந்நிலையில் முனையைச் செருகி, மடலை விட்டுவிட்டால், துளை திரும்பிச் சுருங்கி முனையைப் பற்றிக்கொள்ளும். சரியாக அமைந்ததற்கு அடையாளம், பாட்டு ஓடாதபோதே அறையின் மின்விசிறி ஓசை சட்டென்று விலகிப்போவதும், தன் குரல் தனக்கே தலைக்குள் முழங்குவதும் ஆகும்.

இந்த அடைப்பு வேறொரு வகையிலும் பேஸைக் காக்கிறது. பேருந்து எஞ்சினின் உறுமலும் சக்கரத்தின் ஓசையும் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்திருப்பதால், அவை பேஸையே முதலில் விழுங்குகின்றன. மனிதக் காதின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது: 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் அளந்து காட்டியபடி, மெல்லிய ஒலியில் காது பேஸுக்கு மிகவும் மந்தமாகிவிடுகிறது. இன்றைய பன்னாட்டுத் தரக்கணக்கின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலிக்கு நிகரான உரப்பை 100 ஹெர்ட்ஸில் உணர ஏறத்தாழ 64 டெசிபலும், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 78 டெசிபலும் தேவைப்படும். எனவே பேஸ் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் விரல் ஒலியளவைக் கூட்டுகிறது, கூட்டியதும் பேஸ் வந்துவிட்டதாகவே தோன்றுகிறது, செவியோ மற்ற ஒலிகளின் சுமையையும் சேர்த்துத் தாங்குகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், சராசரியாக 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிறது, 89 டெசிபலில் அது வாரத்துக்கு வெறும் 5 மணி நேரம். இழந்த செவிப்புலன் திரும்புவதில்லை என்பதால், நல்ல அடைப்புள்ள கருவியை வாங்கி மெல்லக் கேட்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை இளைஞர்களுக்குப் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கைப்பேசியிலேயே இருக்கும் ஈக்குவலைசர், அதாவது ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி, காசில்லாமல் கிடைக்கும் உதவி. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் சவ்வு இரு மடங்கு தொலைவு அசைய வேண்டியிருக்கும் என்பதால், மொத்த ஒலியளவை அதே அளவு இறக்கிவைக்காவிட்டால் ஒலி கரகரக்கும். பல மலிவான கருவிகளில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வீங்கி, பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் ஒலிக்கும். அப்பகுதியை 3 டெசிபல் இறக்கினாலே, பேஸை ஏற்றாமலே பேஸ் தெளிந்துவிடும்.

கம்பியா ப்ளூடூத்தா என்ற கேள்விக்கு, இவ்விலையில், கம்பியின் பக்கம் நிற்பதே நியாயம். கம்பியில்லாக் கருவியின் விலையில் மின்கலம், சிப், மின்னூட்டும் பெட்டி ஆகியவற்றுக்கும் பங்கு போகிறது. சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்தவுடன் நல்ல ட்ரைவரும் குப்பைக்குப் போகிறது. 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத கைப்பேசிக்கு யூஎஸ்பி-சி மாற்றி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கழற்றி மாற்றத்தக்க கம்பியுள்ள இயர்போனாகப் பார்த்து வாங்குவது நல்லது, ஏனெனில் முதலில் அறுவது கம்பிதான். ஓராண்டு கழித்து ஒரு பக்கம் ஒலி மங்கிவிட்டது என்று புதியது வாங்கக் கிளம்புவதற்கு முன், சிலிக்கான் முனையைக் கழற்றி, உள்ளேயுள்ள வலைத்தகட்டை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; காதுக் குரும்பி படிந்து அடைத்திருந்தால், வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டால், பெரும்பாலும் பழைய ஒலி திரும்பிவிடும்.